திண்ணை முதல் மொட்டை மாடி வரை: வெளியிடத்தைப் புழங்கும் இடமாக்க 30 குறிப்புகள்

வீடு கட்டும்போது ஹாலுக்கும் சமையலறைக்கும் ஆயிரம் யோசனை செய்கிறோம். வாசல் சிட்-அவுட், பின்பக்கக் காலி இடம், பால்கனி, மொட்டை மாடி ஆகியவற்றின் நினைப்பு கடைசியில்தான் வருகிறது. அதனால்தான் சிட்-அவுட்டில் செருப்பு ஸ்டாண்டும், பால்கனியில் காலி சிலிண்டரும், மாடியில் கால் உடைந்த நாற்காலியும் குடியேறிவிடுகின்றன. காசு கொடுத்துக் கட்டிய இடத்தில் வீட்டு மனிதர்களுக்கு உட்கார இடமில்லை.

பழைய வீடுகளில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் நாள் முழுக்கப் புழங்கின. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் அப்படித்தான். அந்த இடங்களுக்கு வேலை இருந்தது, அந்த வேலைக்கென்று ஒரு நேரமும் இருந்தது. காலையில் நெல் காய்ந்தது, பகலில் பிள்ளைகள் படித்தார்கள், மாலையில் ஊர்க்கதை நடந்தது, இரவில் வழிப்போக்கர் படுத்தார். இன்றைக்கும் அதே வரிசையில் யோசித்தால் போதும்: முதலில் நேரம், அடுத்து வேலை, கடைசியில் கல்லும் நாற்காலியும்.

திட்டமிடும்போது

1. நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த இடத்தில் யார், எத்தனை மணிக்கு, என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலை ஆறு மணிக்குக் காபியும் செய்தித்தாளுமா, பத்து மணிக்குக் கீரை ஆய்வதா, மாலையில் பிள்ளைகள் விளையாடுவதா, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதா? இரண்டு பதில்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைத்த இடம் எதற்கும் சரியாக அமையாது.

2. நிழலைச் சாக்பீஸால் குறித்துப் பாருங்கள். விடுமுறை நாள் ஒன்றில் காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளையும் நிழல் விழும் ஓரத்தைத் தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் வீட்டின் நிழல் கிழக்கே விழும். ஆகவே மாலைப் பேச்சுக்குக் கிழக்குப் பக்கமும், காலைக் காபிக்கு மேற்குப் பக்கமும் செலவில்லாத குளிர்ச்சி தரும். சென்னையில் சித்திரை நடுவாக்கில் தொடங்கி ஆவணி பிறக்கும் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும். மார்கழியில் அதுவே தெற்கிலிருந்து வரும். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்தான் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

3. காற்றும் சாரலும் வரும் திசையைக் கேளுங்கள். கடலோர ஊர்களில் கோடைப் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில்தான் அடிக்கும். காற்று நுழையும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்தில் கூரையை இரண்டரை, மூன்று அடி வெளியே நீட்டுங்கள்.

4. அளவைத் தரையிலேயே போட்டுப் பாருங்கள். இரண்டு நாற்காலியும் ஒரு சிறு மேசையும் போட 5-க்கு 5 அடி போதும். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட 8-க்கு 8 அடியாவது வேண்டும். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருக்கவே இரண்டரை அடி போய்விடும். வரைபடத்தை மட்டும் நம்பாமல், வீட்டு நாற்காலிகளையே அங்கே கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

5. ஒரு குழாய், ஒரு பிளக் பாயின்ட், ஒரு கதவு. வெளியிடம் புழங்குவதும் புழங்காததும் இந்த மூன்றில் இருக்கிறது. செடிக்கும் தரை கழுவவும் குழாய் வேண்டும். ஃபேன், மிக்சி, லேப்டாப், சீரியல் விளக்கு எல்லாவற்றுக்கும் பிளக் வேண்டும். சமையலறையிலிருந்து காபித் தட்டோடு நேராக வந்துவிடும் வழியும் வேண்டும். இரண்டு அறையைச் சுற்றி வர வேண்டிய இடத்துக்கு யாரும் தினம் வரமாட்டார்கள்.

6. கூரை போடுமுன் விதியைப் பாருங்கள். வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, மாடியில் போடும் ஷீட் ஆகியவை தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-க்கு உட்பட்டவை. பக்கவாட்டு இடைவெளியை மூடும் முன் உள்ளாட்சி அலுவலகத்திலோ கட்டடப் பொறியாளரிடமோ கேட்டுவிடுங்கள். வாசல் திண்ணையின் படி தெருவுக்குள் நீண்டால் ஆக்கிரமிப்பாகும். அடுக்ககத்தில் மாடி எல்லோருக்கும் பொது என்பதால் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

தரை

7. வாட்டம் சரியாக இருக்கட்டும். திறந்த தரைக்கு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். வாட்டம் வீட்டுச் சுவரை விட்டு விலகிப் போக வேண்டும். வெளித் தரை, உள் தரையைவிட மூன்று நான்கு அங்குலமாவது தாழ்ந்திருந்தால்தான் பெருமழையில் தண்ணீர் வாசற்படி தாண்டாது. வேலை முடிந்ததும் கொத்தனார் இருக்கும்போதே இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டையாக நின்றால் அங்கே பாசி வரும், கொசு வரும், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.

8. வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தும் கல். வழவழப்பான விட்ரிஃபைடு டைல் ஈரத்தில் வழுக்கும், வெளியே வேண்டாம். 'ஆன்டி-ஸ்கிட்', 'மேட்' வகை டைல், சுரசுரப்பாக்கிய கருங்கல், சுட்ட களிமண் டைல், சிமென்ட் பேவர் ஆகியவை தாங்கும். கடப்பா கல் மலிவுதான், ஆனால் அதன் கருமை வெயிலைக் குடித்துக் காலைச் சுடும், நிழலில் மட்டும் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் கூரைக்கடியில் இருக்கும் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் ஏற்றது. துடைக்கத் துடைக்க மெருகேறும் கல் அது, நேர் மழையிலும் வெயிலிலும் பளபளப்பை இழந்துவிடும்.

9. கோலத்துக்கு இடம் விடுங்கள். பளபள டைலில் கோலமாவு நிற்காது, சிறு காற்றுக்கே பறந்துவிடும். வாசலில் 4-க்கு 4 அடி அளவுக்காவது கருங்கல்லோ தேய்க்காத சிமென்ட் தரையோ விட்டுவையுங்கள். அடர்நிறத் தரையில் வெள்ளைக் கோலம் எடுப்பாகத் தெரியும். தினமும் காலையில் ஒரு வேலை அங்கே நடப்பதால் அந்த இடம் தானாகவே சுத்தமாக இருக்கும்.

10. மண்ணை முழுவதும் மூடாதீர்கள். வீட்டைச் சுற்றி ஓர் அங்குலம்கூட விடாமல் சிமென்ட் பூசினால் மழைநீர் தெருவுக்கு ஓடும், தரையும் இரவு வரை அனல் கக்கும். மதிலோரம் ஓரிரு அடி மண் பாத்தியாக இருக்கட்டும். பேவர் கற்களை மணல் படுக்கையில் பதித்தால் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதைக் கிணற்றுக்கோ உறைகிணற்றுக்கோ அனுப்பும் குழாயை, தரை போடுமுன்பே பதித்துவிடுங்கள்.

11. படியில் கவனம். எல்லாப் படியும் ஒரே உயரத்தில், ஆறு அங்குலத்துக்கு மிகாமல் இருக்கட்டும். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் இருட்டில் கால் தடுக்கும். படியின் விளிம்பில் வேறு நிறக் கல் பதித்தால் கண் மங்கியவர்களுக்கும் தெரியும். இரண்டே படியானாலும் பிடித்து ஏற ஒரு கம்பி வையுங்கள்.

நிழலும் மறைப்பும்

12. மேற்கு வெயிலைச் சுவருக்கு வெளியே தடுங்கள். மாலை வெயில் சாய்வாக வருவதால் மேலே எவ்வளவு பெரிய கூரை போட்டாலும் அடியில் நுழைந்துவிடும். அதற்குச் செங்குத்தான மறைப்புதான் சரி. மூங்கில் தட்டியைச் சுருட்டி ஏற்றி இறக்கும்படி கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு இறக்கி, ஆறு மணிக்கு ஏற்றிவிடலாம். காற்றில் அடிக்காமலிருக்கக் கீழ்ச்சட்டத்தைக் கொக்கியில் மாட்டுங்கள்.

13. கொடிப் பந்தல் போடுங்கள். ஜிஐ பைப்பால் சட்டம் அடித்து, மேலே கம்பியை ஓர் அடி இடைவெளியில் கட்டினால் போதும். முல்லை, சங்குப்பூ, ரங்கூன் மல்லி ஆகியவை ஆண்டு முழுக்கப் பசுமை தரும். அவரை, புடலை, பாகல், கோவை போட்டால் நிழலோடு காயும் கிடைக்கும். பந்தல் ஏழரை, எட்டு அடி உயரம் இருக்கட்டும். புடலங்காய் தொங்கும்போது தலையில் இடிக்கக் கூடாது அல்லவா? உட்காரும் இடத்துக்கு நேர் மேலே முருங்கை மட்டும் வேண்டாம். கிளை எளிதில் முறியும், கம்பளிப்பூச்சியும் உதிரும்.

14. கீற்றா, ஷீட்டா, வலையா? தென்னங்கீற்றுக்கு இணையான குளிர்ச்சி இல்லை, ஆனால் தீப்பொறி பட்டால் நொடியில் பற்றும். 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த தீ, கீற்றுக் கூரையில் பரவியதுதான். கீற்றுக்குக் கீழே அடுப்போ பட்டாசோ மின்கம்பி இணைப்போ கூடவே கூடாது. தகர ஷீட் போட்டால் அனலும் மழைச் சத்தமும் சேர்ந்து வரும். பாலிகார்பனேட் வெளிச்சம் தரும், கூடவே சூட்டையும் அடைத்து வைக்கும். காய்கறிச் செடிக்கு 50 சதவீத நிழல்வலையும், மனிதர் உட்கார 75 சதவீத வலையும் சரி. எதைப் போட்டாலும் மேலே சூடான காற்று வெளியேற இடைவெளி விடுங்கள்.

15. வெட்டிவேர் தட்டி எங்கே பலிக்கும்? நனைத்த தட்டி வழியாகக் காற்று வரும்போது தண்ணீர் ஆவியாவதால்தான் குளிர்ச்சி. மதுரை, திருச்சி, வேலூர் போன்ற ஊர்களின் வறண்ட கோடையில் இது நன்றாகப் பலிக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த கடலோரத்தில் புழுக்கம்தான் கூடும். அங்கே தட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு ஃபேன் வாங்கிவிடலாம்.

16. பார்வைக்கு மறைப்பு, காற்றுக்கு வழி. எதிர்வீட்டு ஜன்னல் நேராகப் பார்க்கும் இடத்தில் யாரும் நிம்மதியாக உட்காரமாட்டார்கள். முழுச் சுவர் எழுப்பினால் காற்று போய்விடும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலிச் சுவர் இரண்டுக்கும் வழி செய்யும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தம் வீடுகளில் இதை விதவிதமாகக் கட்டிக் காட்டியவர். உட்கார்ந்தால் தலை மறையும் அளவுக்கு, நாலரை அடி உயரம் இருந்தாலே போதும்.

உட்காரும் வசதி

17. திண்ணை கட்டுவதானால் அளவு முக்கியம். தரையிலிருந்து 16 முதல் 18 அங்குல உயரம் இருந்தால் முழங்கால் வலி உள்ளவர்களும் எளிதாக எழுந்திருக்கலாம். உட்கார மட்டும் என்றால் இரண்டடி அகலமும், மதியம் சற்றுப் படுக்கவும் வேண்டுமென்றால் மூன்றடி அகலமும் வையுங்கள். பல பழைய திண்ணைகளில் ஓரத்தில் தலையணை போன்ற சாய்மேடை இருக்கும், அதையும் சேர்த்துக்கட்டச் சொல்லலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். அளவு நாடாவோடு போய், உட்கார்ந்து பார்த்து, பிடித்த திண்ணையின் அளவைக் குறித்துவாருங்கள்.

18. ஊஞ்சலை ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். ஆடும் ஆளின் எடை, நிற்கும் எடையைவிட அதிகமாக இழுக்கும். கான்கிரீட் பீமில் கம்பியோடு கட்டிய கொக்கிதான் பாதுகாப்பு. வீடு கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். பலகைக்கு முன்னும் பின்னும் மூன்றடி காலியாக விடுங்கள். கட்டி முடித்த வீட்டில் ஸ்டாண்டோடு வரும் ஊஞ்சலே நல்லது. சங்கிலி, கொக்கித் தேய்மானத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

19. நாற்காலியை ஊருக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். பிரம்பும் மூங்கிலும் கூரைக்கடியில் அழகு, நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பிரம்புபோலப் பின்னிய செயற்கை இழை நாற்காலி மழைக்குத் தாங்கும். கடலோரத்தில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே அலுமினியமோ தேக்கோ வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 வகை கேளுங்கள். கயிற்றுக் கட்டில் ஒன்று இருந்தால் பகலில் இருக்கை, இரவில் படுக்கை. வேலை முடிந்ததும் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிடலாம்.

மொட்டை மாடியும் பால்கனியும்

20. எடைக் கணக்கு போடாமல் மண் ஏற்றாதீர்கள். ஆள் நடமாடும் சாதாரண மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை என்றே பொறியாளர்கள் கணக்கிடுவது வழக்கம். அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஓர் அடி ஆழத்துக்கு ஈரமண் நிரப்பினால் சதுர அடிக்கு 45 கிலோவைத் தாண்டிவிடும். பிள்ளைகளுக்காக வைக்கும் நீச்சல் தொட்டியில் ஓர் அடித் தண்ணீர் என்றாலும் சதுர அடிக்கு 28 கிலோ. எனவே மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும் கலந்து எடையைக் குறையுங்கள். பெரிய தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே வையுங்கள். தொட்டிக்கடியில் செங்கல் வைத்துத் தூக்கினால் தண்ணீர் தேங்காது, தளத்தில் கசிவு இருந்தாலும் கண்ணில் படும்.

21. மாடிச் சூட்டைப் புரிந்துகொண்டு நேரம் குறியுங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் மாலையில் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் ஆறு மணிக்குக் காற்று குளிர்ந்தாலும் தரை சுடுகிறது. வெள்ளை நிறத் தட்டோடோ, வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ, சுண்ணாம்பு அடிப்போ இருந்தால் தளம் வாங்கும் சூடே குறையும். கீழறையிலும் இதம் தெரியும். கோடையில் மாடியின் நல்ல நேரம் இரண்டு: விடிந்து எட்டு மணி வரை, இரவு எட்டுக்கு மேல். நடுவேளையை வற்றலுக்கும் வடாமுக்கும் விட்டுவிடுங்கள். காக்கை கொத்தாமலிருக்க மேலே மெல்லிய வலை போதும்.

22. கைப்பிடிச் சுவரை அளந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய தளத்தின் மேல் புதிதாகத் தட்டோடு பதித்தால் சுவரின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கிரில் வைத்தால் கம்பிகள் செங்குத்தாகவும் நான்கு அங்குலத்துக்குள் நெருக்கமாகவும் இருக்கட்டும். குறுக்குக் கம்பி குழந்தைகளுக்கு ஏணி. சுவரோரம் நாற்காலி, ஸ்டூல், பெரிய தொட்டி எதுவும் வேண்டாம்.

23. மூன்றடிப் பால்கனியையும் புழங்கலாம். கிரில்லில் மாட்டி மடக்கும் பலகை ஒன்று, மடக்கு நாற்காலி இரண்டு, இவை போதும். துணிக்கொடியை மேலே ஏற்றி இறக்கும் வகையில் அமைத்தால் தரை காலியாகும். காலையில் இருவர் காபி குடிக்க, மாலையில் ஒருவர் புத்தகம் படிக்க என்று நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க மறக்க வேண்டாம். கீழ்வீட்டுத் துணியில் செம்மண் சொட்டினால் மொத்தக் குடியிருப்புக்கும் சண்டைதான்.

24. சுவரையே தோட்டமாக்குங்கள். ஸ்பெயின் நாட்டின் கோர்டோபா நகரில் கோடை வெயில் நம் வேலூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. அங்கே நடுமுற்றத்து வெள்ளைச் சுவர்களில் உயரம்வரை பூந்தொட்டிகளை மாட்டிக் குளிர்ச்சி தேடுகிறார்கள். மே மாதம் நடக்கும் அந்த முற்றத் திருவிழாவை யுனெஸ்கோ 2012-இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எட்டாத தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அவர்கள் நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டிக்கொள்கிறார்கள். மாங்காய் பறிக்கும் துரட்டி வீட்டில் இருந்தால் நீங்களும் செய்துவிடலாம்.

25. வெயிலைப் பார்த்துச் செடி வாங்குங்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் விழும் இடத்துக்குச் செம்பருத்தி, காகிதப்பூ, இட்லிப்பூ, துளசி, கத்தரி, வெண்டை. அரைநிழலுக்கு வெற்றிலை, கற்பூரவல்லி, புதினா, மணி பிளான்ட். காலையில் உட்காரும் இடத்துக்குப் பவழமல்லியும், இரவில் உட்காரும் இடத்துக்கு முல்லையும் பொருந்தும்: பவழமல்லி விடியலில் உதிரும், முல்லை இரவில் மணக்கும். அரளி அழகுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

26. வாரம் ஒருநாள் கொசுநாள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் தொட்டித் தட்டு, பறவைக்கு வைத்த கிண்ணம், மூடியில்லாத வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தாமரைத் தொட்டி இருந்தால் நாலைந்து கப்பி மீன் விடுங்கள். மாலையில் உட்காரும்போது கால்களை நோக்கி ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடட்டும். கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது.

27. விளக்கு மஞ்சளாக, தாழ்வாக. பளீர் வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சி குறைவாக வரும், கண்ணுக்கும் இதம். தலைக்கு மேலே ஒரு பெரிய விளக்கைவிட, படியோரமும் சுவரோரமும் சிறு விளக்குகள் நல்லது. முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையில் வெளி விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டால் வீட்டுக்குள் ஈசல் வராது.

28. வெளியே மின்சாரம் என்றால் இரட்டைக் கவனம். மூடியோடு வரும் மழைதாங்கும் சாக்கெட்டும், ஐபி 65 குறியுள்ள விளக்கும் வாங்குங்கள். அந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வர வேண்டும். மின்கசிவு ஏற்பட்ட நொடியில் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கவே கூடாது.

29. மாதவாரியாகப் பராமரிப்பு. பங்குனியில் தட்டியும் நிழல்வலையும் கட்டுங்கள், தளத்துக்கு வெள்ளையடியுங்கள். புரட்டாசியில் மடைகளையும் மழைநீர்க் குழாயையும் சுத்தம் செய்து, விரிசல்களை அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாசி படிந்தால் ப்ளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துச் சற்று ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதோடு ஆசிட் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். புயல் எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்த்து, தொங்கும் தொட்டிகளை இறக்கி, நாற்காலிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். 2016-இல் வர்தாவும் 2018-இல் கஜாவும் வீசியபோது மரங்களே பெயர்ந்து விழுந்தன, மாடியில் கட்டாமல் விட்ட ஷீட்டோ தொட்டியோ காற்றில் பறந்தால் தெருவில் போகிறவர் உயிருக்கு ஆபத்து.

30. புழங்காவிட்டால் நேரத்தை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். தாளில் எழுதிய வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருள் எது கிடந்தாலும் அன்றே அப்புறப்படுத்துங்கள். யாரும் அங்கே போவதில்லை என்று தெரிந்தால் உடனே புது நாற்காலி வாங்கக் கிளம்ப வேண்டாம். மாலைக்கு என்று வைத்ததைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். பூத்தொடுப்பது, கீரை ஆய்வது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று தினசரி வேலை ஒன்றை அங்கே கொண்டுபோங்கள். ஒரு வேலை அங்கே வந்துவிட்டால், பேச்சுத் துணைக்கு மற்றவர்களும் தாமாக வந்து உட்காருவார்கள்.